விருந்தாளிப் படை: 1147 லிஸ்பனும் இன்னும் சில ஊர்களும்

தென்கரை எழுதியது:

முஸ்லிம்கள் கையிலிருந்த லிஸ்பனை 1147-ல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய படை முற்றுகையிட்டதைப் பற்றி ஒரு பாதிரியார் லத்தீனில் எழுதிய நீளமான கடிதம் இருக்கிறது. கப்பலில் கூடவே போய் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். ராவுல் என்பது அவர் பெயர் என்கிறார்கள். கையெழுத்துப் பிரதி கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் இருக்கிறது. அதன் மொழிபெயர்ப்பை இரண்டு வாரமாக ராத்திரி ராத்திரி படித்து முடித்தேன். மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதால் இங்கே கொட்டுகிறேன்.

மே 23 அன்று இங்கிலாந்தின் டார்ட்மத் துறையிலிருந்து ஏறக்குறைய 164 கப்பல்கள் கிளம்புகின்றன. ஆங்கிலேயர், நார்மன்கள், ஃபிளெமிஷ்காரர்கள், கொலோன் பக்கத்து ஜெர்மானியர்கள். இவர்களுக்குப் பொதுவாக ஒரு ராஜா கிடையாது. அதனால் கிளம்பும் முன்பே தங்களுக்குள் சட்டம் போட்டுச் சத்தியம் செய்துகொள்கிறார்கள்: உயிருக்கு உயிர், பல்லுக்குப் பல், ஆடம்பர உடை கூடாது, கப்பலுக்கு ஒரு பாதிரியார், ஆயிரம் பேருக்கு இரண்டு நடுவர், பணம் பங்கிடுவதும் அவர்கள் பொறுப்பு. போகிற இடம் எருசலேம். ஆனால் பங்கு பிரிக்கிற ஆள் முதலிலேயே ரெடி!

ஜூன் 16, போர்த்தோ. ஆயர் இவர்களுக்காகக் காத்திருக்கிறார். தேவாலயத்தில் இடம் போதாததால் கல்லறைத் தோட்டத்தில் நிற்கவைத்து லத்தீனில் பிரசங்கம் செய்கிறார், அவரவர் மொழியில் ஆள் வைத்துச் சொல்லவைக்கிறார்கள். எருசலேமுக்குப் போவது பெரிதல்ல, போகிற வழியில் நல்லபடி நடந்துகொள்வதுதான் பெரிது, இங்கேயும் கர்த்தருக்கு வேலை இருக்கிறது என்பது பேச்சின் சாரம். கடைசியில் சம்பளமும் உண்டு என்கிறார்.

பிறகு போர்த்துகல் ராஜா அஃபோன்சோ என்ரிக்கஸோடு பேரம். ஊருக்குள் இருக்கும் பொருளெல்லாம் வந்தவர்களுக்கு. பிடிபடுகிறவர்களை விடுவிக்கக் கிடைக்கும் பணமும் வந்தவர்களுக்கு. அவர்கள் துடைத்து எடுத்தபிறகு வெறும் ஊர் ராஜாவுக்கு. எனக்குப் பிடித்த ஷரத்து இது: முற்றுகையில் கலந்துகொண்டவர்களின் கப்பலுக்கும் சரக்குக்கும், அவர்கள் வாரிசுகளுக்கும், போர்த்துகலில் சுங்கம் கிடையாது. பாவமன்னிப்பும் சுங்க விலக்கும் ஒரே பயணத்தில்.

இதிலும் ஒரு தகராறு. வில்லியம் வியெல் என்பவனும் அவன் தம்பியும் சில வருடம் முன்பே இதே லிஸ்பனுக்கு வந்து கைசுட்டுக்கொண்டு போனவர்கள். "இந்த ராஜாவை நம்பமாட்டோம், கடற்கரையோரமாகப் போனால் வியாபாரக் கப்பல்களைப் பிடித்தே நல்ல காசு பார்க்கலாம்" என்று ஒதுங்கப் பார்க்கிறார்கள். எட்டுக் கப்பல் ஆட்கள் அவர்கள் பக்கம். ஹெர்வி தெ கிளான்வில் என்ற சஃபோக்காரர் குலப்பெருமை, மானம் ரோஷம் எல்லாம் பேசி இழுத்துப் பிடிக்கிறார். சோறு கிடைக்கும்வரை இருக்கிறோம் என்று ஒத்துக்கொள்கிறார்கள்.

முற்றுகை பதினேழு வாரம். சுரங்கம் தோண்டி மதிலைச் சரித்து, மரக்கோபுரத்தை உருட்டிக்கொண்டு வந்து, அக்டோபர் 24-ல் ஊர் பணிகிறது. ஆங்கிலேயர் பக்கம் 140 பேர், கொலோன்-ஃபிளெமிஷ் பக்கம் 160 பேர் முதலில் உள்ளே போய்க் கோட்டையைக் கையில் எடுக்கவேண்டும், மக்கள் பொருளை ஒப்படைத்துவிட்டு வெளியேறலாம் என்று பேச்சு. இந்த 160 பேரோடு இன்னும் இருநூறுக்கு மேல் ஆட்கள் நுழைந்துவிடுகிறார்கள். அப்புறம் வீடு வீடாகக் கதவுடைப்பு. ஆர்ஸ்கோட் பிரபு ஊர்த்தலைவருடைய அரபிக் குதிரையைத் தன் கையாலேயே பிடுங்கிக்கொள்கிறான். இதற்கு நடுவில் லிஸ்பனுடைய ஆயரை, வயதான மனுஷனை, கழுத்தறுத்துக் கொல்கிறார்கள்.

கிறிஸ்தவ ஆயரை. கிறிஸ்தவ ஊராக்க வந்தவர்கள்.

இவர்கள் எதற்குத்தான் வந்தார்கள்? என் அபிப்பிராயம்: இது ஒப்பந்த வேலை, சிலுவை அதன்மேல் ஒட்டிய லேபிள். மற்றவர்கள் சொல்லுங்கள்.

சுண்டல்பொட்டலம் எழுதியது:

ஒரு அடிப்படைச் சந்தேகம். முஸ்லிம் ஊரில் கிறிஸ்தவ ஆயர் எப்படி?

தென்கரை எழுதியது:

முஸ்லிம் படை வந்த 711-க்கு முன்பிருந்தே அங்கே இருந்த கிறிஸ்தவர்கள், அண்ணா. தலைவரி கட்டிக்கொண்டு, கோயில்களை வைத்துக்கொண்டு, அரபி பேசிக்கொண்டு வாழ்ந்தார்கள். மொசராபுகள் என்று பெயர். வடக்கிலிருந்து வந்தவன் கண்ணுக்கு உடை, பேச்சு எல்லாவற்றிலும் "மூர்", அதாவது முஸ்லிம், மாதிரியேதான் இருந்திருப்பார்கள். ஊர் விழுந்தபிறகு கொள்ளைநோய் வந்து, சாகிறவர்கள் சிலுவையை முத்தமிட்டு "மரியா, நல்ல மரியா" என்று அரற்றினார்கள் என்று ராவுலே எழுதுகிறார். மூர்கள் மனம் திரும்பினார்கள் என்று அவர் நினைத்தார். அவர்கள் முதலிலிருந்தே கிறிஸ்தவர்களாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் யோசிக்கிறார்கள்.

பழையமதில் எழுதியது:

லிஸ்பனுக்கு எண்பத்துமூன்று வருடம் முன்பே ஒத்திகை நடந்துவிட்டது. 1064, பார்பஸ்ட்ரோ. சரகோசாவை ஆண்ட முஸ்லிம் அரச குடும்பத்தின் கையிலிருந்த ஊர். அக்கித்தேன் பிரபு எட்டாம் கில்யோம், நார்மன் ராபர்ட் கிறிஸ்பின், உர்ஹெல் பிரபு மூன்றாம் எர்மெங்கோல் என்று பல தேசத்துக் கூட்டம். ஊருக்குத் தண்ணீர் வந்த நிலத்தடிக் கால்வாயில் பெரிய கல் ஒன்று விழுந்து அடைத்துக்கொண்டது. தாகத்தில் ஊர் பணிந்தது. உயிருக்கு உத்தரவாதம் கொடுத்து வெளியே வரச்சொல்லி, வந்தவர்களை வெட்டினார்கள்.

கொர்தோபா வரலாற்றாசிரியர் இப்னு ஹய்யான் இதை எழுதும்போது நடுவில் ஒரு கதை சொல்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவரின் மகள் கைதியாகிவிட, அவளை மீட்டுவர ஒரு யூத வியாபாரியை அனுப்புகிறார்கள். அந்த வீட்டைப் பிடித்த பிரபு, பழைய சொந்தக்காரர் உட்காரும் இடத்தில், அவருடைய உடையையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சுற்றிலும் வீட்டுப் பெண்கள் பணிவிடை செய்கிறார்கள். வியாபாரி தொகையைச் சொல்கிறான். "பணமா? அது என்னிடம் எவ்வளவு இருக்கிறது பார்" என்று பைகளையும் பட்டையும் எடுத்துக் காட்டச் சொல்கிறான் பிரபு. பெண்ணைத் தரமுடியாது என்கிறான். பிறகு இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு, உடைந்த அரபியில், வீணை மாதிரியான 'ஊத்' என்ற வாத்தியத்தை எடுத்து விருந்தாளிக்குப் பாடச் சொல்கிறான். அவள் சுருதி சேர்க்கும்போதே கண்ணீர் வழிகிறது, அவன் துடைத்துவிடுகிறான். அவள் பாடியது வியாபாரிக்கும் புரியவில்லை, பிரபுவுக்கும் புரிந்திருக்காது. ஆனாலும் பிரபு குடித்துக்கொண்டே சொக்கிப்போய்க் கேட்கிறான்.

நாலு மாதம் முன்பு பிரான்சில் ஏதோ குளிர்கோட்டையில் இருந்தவன்! அடுத்த வருடமே சரகோசாவின் அல் முக்ததிர் ஊரைத் திரும்பப் பிடித்துவிட்டார். கிறிஸ்பின் பிற்பாடு பைசாந்தியத்துக்குப் போய்க் கூலிப்படைத் தலைவன் ஆனான். தென்கரை சொல்வதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

கணக்கப்பிள்ளை எழுதியது:

குதிரைவீரர்களை மட்டுமே பார்க்கிறீர்கள். அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். போகாமல் உட்கார்ந்தவர்கள் துறவிகள். அவர்கள் வரவு செலவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

பிரான்சில் க்ளூனி மடம். லியோன் ராஜா முதலாம் ஃபெர்னாண்டோ அதற்கு வருடம் 1000 பொற்காசு தருவதாக ஏற்றுக்கொண்டார். மகன் ஆறாம் அல்ஃபோன்சோ 1077-ல் அதை 2000 ஆக்கினார். இந்தப் பொன் எங்கிருந்து? சரகோசா, டொலேடோ, செவில், கிரனாடா முஸ்லிம் சிற்றரசர்கள் "எங்களை அடிக்காதே, அடுத்தவன் அடித்தால் காப்பாற்று" என்று வருடாவருடம் கட்டிய கப்பத்திலிருந்து. பாரியா என்பார்கள். 1088-ல் க்ளூனியில் தொடங்கிய மாபெரும் கோயிலின் செலவில் ஒரு பங்கு முஸ்லிம் நகரத்துக் கைவினைஞர் கட்டிய வரி. ஊரைப் பிடிக்காமல் இருக்கிறவரைதான் கப்பம் வரும். பிடித்துவிட்டால் நின்றுபோகும். இந்தச் சிக்கலை அல்ஃபோன்சோ 1085-ல் டொலேடோவை எடுத்துக்கொண்டபோதே இழுத்துவிட்டுக்கொண்டார். மற்ற சிற்றரசர்கள் பயந்துபோய் ஆப்பிரிக்காவிலிருந்து அல்மொராவித் படையைக் கூப்பிட்டார்கள். 1086-ல் சாக்ராஹாஸில் அல்ஃபோன்சோவுக்கு நல்ல அடி.

சரி, டொலேடோ. போர் இல்லாமல் உடன்படிக்கையில் வந்த ஊர். பெரிய பள்ளிவாசல் முஸ்லிம்களிடமே இருக்கும் என்று ராஜா வாக்குக் கொடுத்தார். ஊரைப் பார்த்துக்கொள்ள சிஸ்னாந்தோ தவீதிஸ் என்ற ஆளை வைத்தார். மொசராபு, அரபி தெரிந்தவர், செவில் அரசவையில் வேலை பார்த்தவர். மெதுவாகப் போவோம், இருக்கிறவர்களை விரட்டினால் நிலத்தை யார் உழுவார்கள் என்கிற ரகம்.

பேராயராக வந்தவர் பெர்னார். பிரெஞ்சுக்காரர், க்ளூனித் துறவி. ராணி கொன்ஸ்தான்ஸும் பர்கண்டிக்காரி, க்ளூனி மடாதிபதி ஹியூவின் சகோதரி மகள். ராஜா ஊரில் இல்லாத சமயம் பார்த்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களோடு பள்ளிவாசலுக்குள் போய், பீடம் வைத்து, மினாரில் மணியைக் கட்டிவிட்டார்கள். விடிந்து எழுந்த ஊருக்கு மணிச்சத்தம் கேட்கிறது. ராஜா கொதித்துப்போய், இரண்டு பேரையும் எரித்துவிடுகிறேன் பார் என்று மூன்று நாளில் குதிரையில் ஓடிவருகிறார். வழியில் மகான் என்ற ஊரில் டொலேடோ முஸ்லிம்களே எதிரில் வந்து நின்று, அவர்களை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். இன்றைக்கு நீங்கள் தண்டித்தால் நாளைக்கு அதற்கு எங்களைப் பழிதீர்ப்பார்கள் என்ற கணக்கு.

லிஸ்பனில் குதிரையைப் பிடுங்கினவன் ஒரு குதிரையோடு போனான். பெர்னார் நாற்பது வருடம் போல உட்கார்ந்திருந்து, பிரான்சிலிருந்து துறவிகளைக் கூட்டிவந்து, ஸ்பெயினின் ஆயர் நாற்காலிகளில் ஒவ்வொருவராக அமர்த்தினார்.

நடுப்பக்கம் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். வெளியூர்க்காரன் முரடன், உள்ளூர் ராஜா நல்லவர், ஏதோ சினிமாக் கதை மாதிரி. யார் எழுதியது என்று பார்க்கவேண்டாமா?

பள்ளிவாசல் ராத்திரிக் கதையை விரிவாகச் சொல்பவர் ரோத்ரிகோ ஹிமெனெஸ் தெ ராதா. சம்பவத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்த டொலேடோ பேராயர். அவர் கதையில் பழி துறவிமேலும் ராணிமேலும் விழுகிறது. ராஜாவின் வாக்கு சுத்தமாக இருக்கிறது. அரபி எழுத்தாளர் இப்னு பஸ்ஸாம் சொல்கிறபடி, பள்ளிவாசலை எடுத்தது அல்ஃபோன்சோவே. சிஸ்னாந்தோ வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. வாக்கை மீறியது யார் என்பது, யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

லிஸ்பனும் அப்படித்தான். ராவுல் ஆங்கிலேயர் பக்கத்து ஆள். அவர் கடிதத்தில் கெட்டதெல்லாம் ஃபிளெமிஷ்காரனும் கொலோன்காரனும் செய்வார்கள், ஆங்கிலேயர் வாக்குத் தவறாமல் நிற்பார்கள். ஆனால் அதே ஆங்கிலேயர் அக்கரை அல்மாதாவுக்குப் போய் எண்பதுக்கு மேல் தலைகளை வெட்டிவந்து, ஈட்டியில் குத்தி லிஸ்பன் மதிலுக்கு எதிரே நிறுத்தினார்கள். அதையும் ராவுல்தான் எழுதுகிறார். வெட்கமில்லாமல்!

இன்னொன்று. அதே 1147 மார்ச்சில் சாந்தரேம் ஊரை அஃபோன்சோ என்ரிக்கஸ் ராத்திரியில் ஏணி போட்டு ஏறிப் பிடித்தார். வெளிநாட்டுக்காரன் ஒருவனும் துணைக்கு இல்லை. ரத்தத்துக்கும் குறைவில்லை.

மாறாக சரகோசா, 1118. பைரனீஸ் தாண்டி வந்த பெரும்படை. இயந்திரங்களை நிறுத்தியவர் பெயார்ன் பிரபு கஸ்தோன், 1099-ல் எருசலேம் மதிலில் அதே வேலையைச் செய்தவர். எருசலேமில் நடந்ததுபோல் இங்கே நடந்ததா? இல்லை. முஸ்லிம்கள் ஒரு வருடத்துக்குள் மதிலுக்கு வெளியே குடிபோகலாம், நிலமும் சட்டமும் அவர்களுக்கே, போக விரும்புகிறவர் போகலாம் என்று உடன்படிக்கை. கஸ்தோன் அங்கேயே பிரபுவாகத் தங்கினார். அவர் ஊதிய தந்தக் கொம்பு இன்னும் சரகோசாவில் இருக்கிறது.

எங்கே பிறந்தான் என்பதைவிட, நாளைக்கு அதே ஊரில் விழித்தெழப் போகிறானா என்பதுதான் அவன் நடத்தையைத் தீர்மானித்தது என்பேன்.

சுண்டல்பொட்டலம் எழுதியது:

இடையில் ஒரு சின்ன விஷயம். பைரனீஸுக்கு அப்பாலிருந்து வந்தவர்களை அரபியில் "இஃப்ரஞ்ச்" என்றார்கள், இல்லையா? ஃபிராங்க் என்பதன் அரபி உருவம். அதே சொல்தான் பாரசீகம் வழியாக "ஃபிரங்கி" ஆகி நம்மிடம் பரங்கி ஆனது. பரங்கிப்பேட்டையில் பிறந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த இழையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. :)

மெழுகுவர்த்தி எழுதியது:

கணக்கப்பிள்ளை ஐயா துறவிகளைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் வந்திருக்கிறது. பள்ளிவாசலைவிட அவர்கள் கை வைத்த பெரிய இடம் வழிபாடு.

டொலேடோ மொசராபுகளுக்கு மூதாதையர் காலத்திலிருந்து வந்த பூசை முறை ஒன்று இருந்தது. ஜெபம், பாட்டு, அப்பத்தைப் பிட்டு வைக்கும் விதம் எல்லாமே தனி. போப் ஏழாம் கிரகோரிக்கு அது பிடிக்கவில்லை. 1080-ல் புர்கோஸில் கூடிய சங்கம் அல்ஃபோன்சோவின் ராஜ்ஜியத்தில் ரோமன் முறைதான் என்று முடிவெடுத்தது. இதற்கு ஒரு நாட்டுக்கதையும் உண்டு. இரண்டு பூசைப் புத்தகங்களையும் நெருப்பில் போட்டார்களாம். பழைய புத்தகம் எரியாமல் கிடந்ததாம். ராஜா அதைக் காலால் நெருப்புக்குள் தள்ளிவிட்டாராம். "ராஜா எந்தப் பக்கமோ சட்டம் அந்தப் பக்கம்" என்ற பழமொழி அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் முஸ்லிம் ஆட்சியில் விடாமல் வைத்திருந்த பூசையை, "மீட்கப்பட்ட" பிறகு விடச்சொல்கிறார்கள். கடைசியில் டொலேடோவில் ஆறு பழைய பங்குக்கோயில்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

நான் பிறந்தது கேரளத்து எல்லையோரம், அம்மா வழி சுறியானிக் கிறிஸ்தவக் குடும்பம். 1599 உதயம்பேரூர் சங்கத்தில் கோவாப் பேராயர் மெனெசெஸ் எங்கள் சுறியானிப் புத்தகங்களைத் திருத்தியதும் எரித்ததும் எங்கள் வீட்டில் இன்றும் பேசுகிற விஷயம். அவரும் கடல் கடந்து வந்த துறவி, அகஸ்தீன் சபை. டொலேடோவைப் படித்தபோது பாட்டி குரலில் கேட்டமாதிரி இருந்தது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

மெழுகுவர்த்தி அம்மா, ஒப்பிடுவது சரிதான், ஆனால் முழுசாக இழுக்கவேண்டாம். ஸ்பெயினில் ரோமன் முறைக்கு ராஜாவே முதலில் தலையாட்டினார், அவருக்கு அதில் ஐரோப்பிய மரியாதை கிடைத்தது. மலபாரில் அப்படிச் சொல்ல முடியாது.

மெழுகுவர்த்தி எழுதியது:

பூசை செய்கிறவரை யாரும் கேட்கவில்லை என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதானே ஐயா.

தென்கரை எழுதியது:

நடுப்பக்கத்துக்குக் கடன்பட்டேன். "லேபிள்" என்று எழுதியதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாதிதான். அவர் சொன்ன "நாளைக்கு அதே ஊரில் விழித்தெழுவானா" என்பதை 1212-ல் உரசிப் பார்த்தேன்.

தெற்கு முஸ்லிம் படையோடு நடந்த லாஸ் நாவாஸ் தெ தொலோசா போருக்காக டொலேடோவில் கூட்டம் சேர்கிறது. பிரான்சிலிருந்து ஏராளம் பேர். வந்ததும் செய்த முதல் காரியம் டொலேடோ யூதர்களைத் தாக்கியது. உள்ளூர்க் குதிரைவீரர்களே குறுக்கே நின்று தடுக்கவேண்டியதாயிற்று. ஜூனில் தெற்கே கிளம்பி முதலில் மலகோனைப் பிடித்து, உள்ளே இருந்தவர்களைக் கொன்றார்கள். அடுத்து கலத்ராவா. அங்கே எட்டாம் அல்ஃபோன்சோ ராஜா, உயிரோடு போகலாம் என்று ஒப்பந்தம் செய்துவிட்டார். வந்தவர்களுக்கு எரிச்சல். வெட்டவும் இல்லை, வாரவும் இல்லை, அதோடு ஜூலை மாதத்து லா மஞ்சா வெயில். கிட்டத்தட்ட எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள்! போகும்வழியில் டொலேடோக்காரர்கள் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தங்கியவர்கள் நூற்றுச்சொச்சம் குதிரைவீரர்களும் நார்பான் பேராயர் அர்னோ அமல்ரிக்கும். இவர் சிஸ்டர்சியன் என்ற துறவிச் சபையின் முன்னாள் தலைமை மடாதிபதி. 1209-ல் தென்பிரான்சின் பெசியே ஊரில் படுகொலை நடந்தபோது போப்பின் தூதராக அங்கே இருந்தவர். ஆக, குதிரைவீரர்கள் போனார்கள், துறவி இருந்தார். கணக்கப்பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்.

ஜூலை 16 பெரும் வெற்றி. அடுத்து உபேதா. அந்த ஊர் பெரும்பணம் கட்டிப் பிழைத்துக்கொள்கிறோம் என்றது, ராஜாக்கள் ஒத்துக்கொண்டார்கள். டொலேடோ பேராயரும் நார்பான் பேராயரும் கூடாது என்றார்கள். ஊர் அழிந்தது, மக்கள் அடிமைகளாகப் போனார்கள். டொலேடோ பேராயர் யார்? நம் ராதாவேதான், பெர்னார்மேல் பழிபோட்ட அதே ராதா. நாளைக்கும் இங்கேயே விழித்தெழப் போகிறவர். இதை என்ன செய்வது, நடுப்பக்கம்?

நடுப்பக்கம் எழுதியது:

மாட்டிக்கொண்டேன். :) ஒன்று மட்டும் சொல்லலாம். 1085-ல் உழவனை விரட்டினால் நிலம் தரிசாகும் என்ற பயம் இருந்தது. 1212-ல் வடக்கிலிருந்து குடியேற்ற ஆள் இருக்கிறது, கலத்ராவா மாதிரி துறவிப்படைகள் நிலத்தைப் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கின்றன. அந்தச் சபையே 1158-ல், டெம்ப்ளர்கள் என்ற இன்னொரு துறவிப்படை காக்கமுடியாது என்று திருப்பிக்கொடுத்த கோட்டையை ஃபித்தேரோ மடாதிபதி ரெய்முந்தோ ஏற்றுக்கொண்டதில் பிறந்தது. துறவியே குதிரைமேல் ஏறிவிட்டபிறகு வெளியூர்க் குதிரைவீரன் எதற்கு?

பழையமதில் எழுதியது:

நாலு வருடம் முன்பு டொலேடோ பேராலயத்துக்குப் போயிருந்தேன். ஒரு பக்கக் கோயிலில் மொசராபு முறைப் பூசை இன்றும் நடக்கிறது. 1500 வாக்கில் கார்டினல் சிஸ்னேரோஸ் ஏற்படுத்தியது. நான் போன அன்று பத்துப் பேர் இருந்திருப்போம், பாதி பேர் கையில் கேமரா.

அப்புறம் நடுப்பீடத்துக்கு வந்தேன். இருபுறத் தூண்களிலும் எதிரெதிராக இரண்டு கல் உருவம். ஒன்று, லாஸ் நாவாஸில் படைக்கு மலைப்பாதை காட்டியதாகச் சொல்லும் இடையர். இன்னொன்று தலைப்பாகை கட்டிய முஸ்லிம் அறிஞர் அபு வலீத். பள்ளிவாசலைப் பறிகொடுத்த பிறகு, ராஜாவிடம் போய்ப் பேராயரை மன்னிக்கச் சொன்னவர் என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். பெர்னார் சிலை எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த குழு காத்திருக்கிறது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.